வளைகாப்புக்கு முன் வந்தவள்

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு வைத்துவிடலாம் என்று பேசி முடித்து, உத்திரமேரூர் கடைத்தெருவில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தேன். அட்டைப்பெட்டி கட்டியது கட்டியபடியே பீரோ மேல் இருந்தது. 2023 ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் என் மகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு 27 வாரம். 108 வண்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன வழியெல்லாம், ‘இன்னும் பதிமூணு வாரம் இருக்கே’ என்றே மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் இரவு பேத்தி பிறந்தாள். எடை 890 கிராம்.

நான் இந்த வட்டாரத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். மானாம்பதி பக்கமும் சாலவாக்கம் பக்கமும் ‘நர்சம்மா’ என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. எத்தனையோ பிள்ளைகளை எடை பார்த்த கை இது. ஆனால் ஒரு கிலோகூட இல்லாத உயிரை, அதுவும் என் மகள் வயிற்றுப் பிள்ளையை, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது நான் படித்ததும் பழகியதும் போதவில்லை. அடுத்த ஐந்து மாதத்தில் அவளுக்கு இரண்டு முறை வைரஸ் தொற்று வந்தது. ஒன்று தாய்ப்பால் வழியாக வந்தது. இன்னொன்று நான் திறந்துவிட்ட கதவு வழியாக வந்தது. இந்த இரண்டிலும் நான் கற்றுக்கொண்டதை, வீட்டில் குறைமாதப் பிள்ளை இருக்கிற எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசி மாதங்களில் வரும் சீர்

பிள்ளை வயிற்றில் இருக்க வேண்டியது 40 வாரம். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்தால் மிகமிகக் குறைமாதம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில். வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. அதில் மிகமிகக் குறைமாதப் பிள்ளைகள் சிறு பங்குதான். ஆனாலும் ஆபத்து அதிகம் அவர்களுக்கே.

‘ஏழு மாசப் பிள்ளை பொழைக்கும், எட்டு மாசப் பிள்ளை பொழைக்காது’ என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கும் அதைச் சொல்லி ஆறுதல் தந்தார்கள். அது உண்மையில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். ஏன் என்று பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர் விளக்கியபோது, எனக்குப் பீரோ மேல் இருந்த வளையல் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஒரு தாய்க்குச் சின்ன வயதிலிருந்து வந்துபோன நோய்கள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் எல்லாம் சேர்ந்து அவள் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களாக இருக்கின்றன. நஞ்சுக்கொடி வழியாக அவை பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. ஆனால் பெரும்பகுதி போவது கடைசி மூன்று மாதத்தில்தான். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குத் தாய்வீடு கட்டிக்கொடுக்கும் சீர் மாதிரி, உலகத்துக்கு வரும் பிள்ளைக்குத் தாயின் உடம்பு கட்டிக்கொடுக்கும் சீர் அது. என் பேத்தி அந்தச் சீர் கட்டத் தொடங்கிய நேரத்திலேயே வெறுங்கையோடு வந்துவிட்டாள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் மகளுக்குப் பத்து வயதில் சின்னம்மை வார்த்து இறங்கியிருக்கிறது. நிறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தால் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு பிள்ளைக்கும் சில மாதங்களுக்கு இருந்திருக்கும். ஆனால் 28 வாரத்துக்கு முன்போ, ஒரு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளையை, தாய்க்கு அம்மை வந்துபோயிருந்தாலும் பாதுகாப்பு இல்லாத பிள்ளையாகவே மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள்.

அதோடு தோல் வெங்காயச் சருகு மாதிரி. நுரையீரல் இன்னும் விரியப் பழகவில்லை. மூக்கில் ஒரு குழாய், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், கையில் ஊசி. கிருமி நுழைய வாசல் பல. காவலுக்கு ஆள் இல்லை.

பிறந்த பிறகு வரும் வைரஸ் எல்லாப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யும் என்றும் இல்லை. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் சிலருக்கு அங்கேயே ரோட்டா வைரஸ் தொற்றியது. அவர்களுக்கு வயிற்றுப்போக்கே வரவில்லை. அதற்கு மேல், பின்னாளில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கிலிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பும் கிடைத்திருந்தது. அதைக் கவனித்தவர் மருத்துவர் எம்.கே. பான். அந்தக் குழந்தைகளிடம் கிடைத்த ‘116இ’ என்ற வைரஸ் வகையிலிருந்தே ரோட்டாவாக் தடுப்பு மருந்து உருவானது. அதைச் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் நம் வேலூரும் ஒன்று. ஒரே வைரஸ் ஒரு பிள்ளைக்குப் பாடமாகவும் இன்னொரு பிள்ளைக்கு எமனாகவும் ஆகலாம். வைரஸின் வகை, பிள்ளையின் முதிர்ச்சி இரண்டையும் பொறுத்தது அது.

நாற்பத்தைந்தாம் நாள்

முதல் ஆறு வாரம் பேத்தி மெல்ல மெல்லத் தேறினாள். மகள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து, பால் பீய்ச்சிக் கொடுத்தாள். முதலில் ஒரு மில்லி, பிறகு இரண்டு மில்லி என்று குழாய் வழியாகப் போனது. 45ஆம் நாள் எடை 1,380 கிராம். அன்றைக்குத்தான் பிள்ளை சோர்ந்தாள். வயிறு உப்பியது. குறைந்திருந்த மஞ்சள் காமாலை மறுபடி ஏறியது. மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டாள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிவிட்டன.

பாக்டீரியா தொற்று என்று நினைத்து மருந்து தொடங்கினார்கள். அப்படித் தொடங்குவதுதான் சரி. அங்கே காத்திருக்க நேரமில்லை. ஆனால் ரத்தத்தில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. பிறகு சிறுநீரைச் சோதித்ததில் சி.எம்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது. பிறந்த இரண்டாம் வாரத்தில் வேறொரு காரணத்துக்காக எடுத்த சோதனையில் அது இல்லை. அதனால் வயிற்றில் இருக்கும்போது வந்ததல்ல, பிறந்த பிறகு வந்தது என்று தெரிந்தது. பிறந்த மூன்று வாரத்துக்குள் ஒரு சோதனை இருந்தால்தான் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

இந்த வைரஸ் நம் நாட்டில் பெரியவர்கள் பெரும்பாலோரின் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. நமக்கு அதனால் ஒரு தொந்தரவும் தெரியாது. பிள்ளை பெற்றுப் பால் சுரக்கும்போது அது மார்பில் விழித்துக்கொண்டு பாலில் கலந்து வருகிறது. நிறைமாதப் பிள்ளைக்கு அந்தப் பால் வழியாக வைரஸ் போனாலும், தாயிடமிருந்து வாங்கி வந்த எதிர்ப்புச் சக்தி அதை அடக்கிவிடும். 32 வாரத்துக்கு முன் பிறந்த, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில் பலருக்கும்கூட ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் என் பேத்திக்கு வந்ததுபோல் வருகிறது.

சேதியைக் கேட்டதும் என் மகள் மார்புச் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “யம்மா, நான் குடுத்த பாலாம்மா அவளுக்கு எமனா வந்துச்சு?” என்றாள். அவள் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, “பால நிறுத்திட்டு மாவுப் பால் குடுத்துடலாம், புள்ள பொழைச்சா போதும்” என்று அழுதார். 31 வருடம் ஊர் ஊராகப் போய்த் தாய்ப்பாலின் அருமையைச் சொன்ன நானும் அந்த நிமிடம் வாய் திறக்கவில்லை. நிறுத்திவிடலாமோ என்று எனக்கே தோன்றியது.

அந்த மருத்துவர், என் மகள் வயதுதான் இருக்கும், பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “இங்க பாரும்மா, இந்த வைரஸ் என் உடம்புலயும் இருக்கும், உங்கம்மா உடம்புலயும் இருக்கும். நீ எதுவும் தப்பு பண்ணல. இந்த நாப்பத்தஞ்சு நாளும் அவ குடல் கெடாம இருந்துச்சே, அது யாரால? உன் பாலால.”

அவர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரும். மாவுப் பால் குடிக்கும் பிள்ளைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவு. ரத்தத்தில் கிருமி பரவுவதும் குறைவு. நஞ்சுக்கொடி வழியாக வந்து சேராத சீரில் ஒரு பங்கைப் பால்தான் பிறகு கொண்டுவந்து கொடுக்கிறது.

பாலில் இருக்கும் வைரஸை ஒழிக்க முடியாதா என்று கேட்டேன். 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தால் வைரஸ் செத்துப்போகும். தாய்ப்பால் வங்கிகளில் தானமாக வரும் பாலை அப்படித்தான் செய்கிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய வங்கியும், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014 முதல் இருக்கும் வங்கியும் இந்த முறையில்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பால் தருகின்றன. ஆனால் அந்தச் சூட்டில் பாலில் உள்ள உயிரணுக்களும் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கும் போய்விடும். பாலை உறையவைத்தால் வைரஸ் குறையும், முழுதாகப் போகாது. எந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று அந்தப் பிள்ளையின் வாரத்தையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். எங்கள் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தொடர்ந்தார்கள்.

கான்சிக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அது வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால் அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள். சி.எம்.வி. வந்த எல்லாப் பிள்ளைக்கும் இந்த மருந்து தேவையில்லை. நோய் கடுமையானவர்களுக்கு மட்டும். பத்தாம் நாள் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. வயிறு தணிந்தது.

கொஞ்சம் தேறியதும் மகளின் நெஞ்சோடு பிள்ளையைத் தோல் படக் கட்டிவைத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று சொல்வது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் கடைசியில் தொடங்கிய வழக்கம் இது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இப்படித் தாயோடு வைத்துப் பார்த்தார்கள். நிலைமை சீரான பிறகு வைத்த பிள்ளைகளைவிட இவர்களிடம் மரணம் கால்வாசி குறைந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். தொற்று என்றதும் நாம் முதலில் தாயைத்தான் பிள்ளையிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறோம். பிரிக்க வேண்டியது அவளை அல்ல.

தீபாவளிக்கு வந்தவர்கள்

74 நாள் கழித்து, 1,960 கிராம் எடையோடு பேத்தி வீட்டுக்கு வந்தாள். தீபாவளி வரை ஒரு குறையும் இல்லை. தீபாவளியன்று சென்னையிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்தான். அவன் மகனுக்கு நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி, “சாதா சளிதான் அண்ணி” என்றாள். புதுத்துணியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்து வாசல் ஏறி வந்தவர்களை எப்படி நிறுத்துவது? அறைக் கதவைத் திறந்துவிட்டேன். பையன் ஓடிப்போய்ப் பாப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். எல்லாரும் சிரித்தோம்.

ஐந்தாம் நாள், கார்த்திகை பிறந்த அன்று, பிள்ளைக்கு மூக்கடைத்தது. மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சுக்கு விலகினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன். எழுபதைத் தாண்டியது. மறுபடியும் 108. ஆறு நாள் ஆக்சிஜன்.

அது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். நான்கு வயதுப் பையனுக்கு அது சளி. சிறு குழந்தையின் நுரையீரலில் மூச்சுக் குழாய்களின் நுனி நூல் மாதிரி இருக்கும். அது வீங்கிச் சளியும் சேர்ந்தால் காற்று போக வழியில்லை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் சுமார் 1 லட்சம் பேர் 2019ஆம் ஆண்டில் இந்த வைரஸால் இறந்தார்கள். பெரும்பாலும் எல்லாரும் வசதி குறைந்த நாடுகளின் பிள்ளைகள். ஆன்டிபயாட்டிக் இதற்குக் கேட்காது. ஆக்சிஜன் கொடுத்து, சளியை எடுத்து, பாலோ திரவமோ உள்ளே போகச் செய்து, உடம்பு தானாக ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குத் தடுப்பு வந்துவிட்டது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 2023 முதல் சில நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு ஆர்.எஸ்.வி. தடுப்பூசி போடுகிறார்கள். அமெரிக்காவில் அதைப் போடுவது 32ஆம் வாரத்துக்கு மேல். 27 வாரத்தில் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சீரும் கிடைக்காது. அவளுக்கு வேண்டியது, எதிர்ப்புப் புரதத்தையே நேராகப் பிள்ளைக்குப் போடும் ஊசி. நிர்செவிமாப் என்ற அந்த ஊசியை ஒருமுறை போட்டால் ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். நம் அரசு தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. குறைந்தபட்சம் இந்தப் பிள்ளைகளுக்காவது அது இலவசமாகக் கிடைக்கும் நாள் வர வேண்டும். சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் சுமந்து வயல் வரப்பில் நடந்தவள் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

வாசலில் வேப்பிலை

இரண்டாம் முறை வீடு வந்ததும் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டினேன்: ‘சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம்.’ யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும் தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் தோட்டத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வாசல் நிலையில் செருகினேன். எங்கள் ஊரில் நிலையில் வேப்பிலை இருந்தால், அம்மை வார்த்த வீடு என்று யாரும் உள்ளே நுழைய மாட்டார்கள். திண்ணையோடு நின்று, “அம்மா வாத்திருக்கா நர்சம்மா?” என்று கேட்டார்கள்.

“இல்ல, எதுவும் வராம இருக்கத்தான்” என்றேன்.

சம்பந்தியம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. “அம்மா வாக்காத ஊட்ல வேப்பல சொருவக் கூடாது சம்மந்தி.”

“நம்ம பெரியவங்க புள்ளைங்கள காப்பாத்தத்தான அத சொருவனாங்க சம்மந்தி. நானும் அதுக்குத்தான் சொருவுறேன்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் வாடிய கொத்தை எடுத்துவிட்டுப் புதுக்கொத்து செருகியவர் அவர்தான்.

வேப்பிலை வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. அது மனிதர்களை நிறுத்தியது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஊரை நிர்வகிக்கும் வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரக்கூடாது. உறவு என்பதற்காக விதியைத் தளர்த்தாத ஊரில் பிறந்தும், என் தம்பி என்பதற்காக நான் தளர்த்தினேன். அந்த ஆறு நாள் ஆக்சிஜன் அதற்கு விலை.

இப்போது குறைமாதப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். தாயைத் தவிர, பிள்ளையைத் தூக்குவதற்கு இன்னும் ஒருவரோ இருவரோ போதும். யார் தூக்கினாலும் முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். முத்தம் யாருக்கும் வேண்டாம். உதட்டோரம் கொப்புளம் இருப்பவர் கிட்டவே வரக்கூடாது. பெரியவருக்குச் சாதாரணமான அந்தக் கொப்புள வைரஸ் பச்சிளம் பிள்ளையின் மூளை வரை போகக்கூடும். தாய்க்கே சளி என்றால் முகக்கவசம் கட்டிக்கொண்டு பால் கொடுக்கட்டும், நிறுத்த வேண்டாம். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தடுப்பூசியைப் பிறந்த தேதிக் கணக்கில், தள்ளிப்போடாமல் போட வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களும் சளிக்காய்ச்சல் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரியிலும் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2016இல் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் 23 பிள்ளைகளுக்கு அடினோ வைரஸ் பரவியது. குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையைப் பார்க்கும் கருவியை ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் துடைக்காததுதான் வழி என்று கண்டுபிடித்தார்கள். அதற்காகக் கண் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது, அது கட்டாயம் வேண்டும். சுத்தத்தைப் பற்றிக் கேட்டால் போதும். ‘கை கழுவிட்டீங்களா?’ என்று கேட்கும் தாயை நல்ல மருத்துவர் யாரும் கோபிக்க மாட்டார்.

பால் குடிக்காமல் சோர்வது, மூச்சு நின்று நின்று வருவது, விலாவில் குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, உடம்பு சில்லிடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், அதன் பிறகு ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

சி.எம்.வி. வயிற்றிலேயே தொற்றிய பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போவது உண்டு. பிறந்த பிறகு பால் வழியாக வந்தால் அது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. பீரோ மேல் இருந்த வளையல் பெட்டியை எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை, பேத்தியின் பின்னால் நின்று மெல்லக் குலுக்குவேன். முதலில் கண் மட்டும் அசைந்தது. அப்புறம் ஒரு நாள் கழுத்தைத் திருப்பினாள். பிறகு காதுக்கான கருவிப் பரிசோதனையும் செய்து, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு வயது முடிந்த ஆனியில், அந்தப் பெட்டியை என் மகள் முதல்முறையாகப் பிரித்தாள். பச்சை ஒரு கைக்கும் சிவப்பு ஒரு கைக்குமாக அடுக்கிக்கொண்டாள். பிள்ளை தவழ்ந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்து ஆட்டி, சத்தம் வருகிறதா என்று காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்.